வெயில் கூண்டு

தேரிச் செம்மணல் மேடுகள் முடிந்து உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், குளம், யானை என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, ஒரு கிணறு, ஒரு பூவரச மரம். ஆஸ்தி அவ்வளவுதான்.

கூடம் யாரோ ஒரு பக்தரின் உபயம். புண்ணியவான் கான்கிரீட் கூரை போட்டுக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். சித்திரை மாதத்தில் அந்தக் கூடத்துக்குள் உட்கார்ந்தவர்கள் அவரை எப்படியெல்லாம் வாழ்த்தினார்கள் என்பது அவர் காதுக்குப் போகாமலிருப்பதே நல்லது. கதவைத் திறந்தால் மணலோடு அனல் அடித்தது. மூடினால் ஆள் வெந்தான். உச்சி வேளையில் அளத்திலிருந்து இளைப்பாற வருகிற உப்புக்காரர்கள் உள்ளே ஒரு தரம் தலையை நீட்டிவிட்டு, வெளியே மரத்தடிக்கே போய்விடுவார்கள்.

மடத்துத் தலைவர் பூரண அடிகள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருக்கு மூத்த சீடர் ஆறுமுகநயினார், அறுபதைத் தாண்டியவர். காலமெல்லாம் கொத்து வேலை பார்த்து, மனைவி போன பிறகு மடத்தோடு ஒதுங்கியவர். அவர் குருவைச் சாமி என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். உப்புக்காரர்களுக்கு அவர் எப்போதும் மேஸ்திரிதான்.

ஒரு நாள் நயினார் கேட்டார்.

"இந்த வெயில என்னதான் செய்யது சாமி?"

"வேலைக்கு வச்சுக்கிடுவோம்" என்றார் அடிகள்.

நயினாருக்குச் சிரிப்பு வந்தது. குருவின் முன்னால் சிரிக்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டார். அடிகள் அவரைச் சமையற்கட்டுக்கு அழைத்துப் போனார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புகை கூண்டு வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது. அடிகள் வாசல்படியை ஒட்டிக் கொஞ்சம் சாம்பலைத் தூவினார். சாம்பல் மெல்ல நகர்ந்து அடுப்பைப் பார்க்க வந்தது.

"மேல போறது போனா, வாசல்ல இருந்து அதுக்குப் பதில் வருது" என்றார்.

"கூடத்துல அடுப்பு மூட்ட முடியுமா சாமி?"

அடிகள் வெளியே வந்து, கண்கூச வானத்தைக் காட்டினார். அங்கே ஒருவன் விறகில்லாமல் எரிந்துகொண்டிருந்தான்.

நயினாருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கை அரித்தது. கொத்துக் கரணையை எடுத்துவிட்டார். கூடத்தின் மேற்குச் சுவரை ஒட்டி, கூரைக்கு மேலே ஆள் உயரத்துக்கு மேல் போகிற மாதிரி ஒரு கூண்டு கட்டினார். உள்ளே முழுக்கக் கறுப்புப் பூசி, வெயில் படுகிற பக்கத்தில் கண்ணாடி பதித்தார். கூண்டின் வாய் கூடத்துக்குள், கூரையை ஒட்டித் திறந்தது. வடக்கே பூவரச நிழலில், கைகால் கழுவுகிற தொட்டியால் எப்போதும் ஈரமாக இருக்கிற தரையை ஒட்டி, சுவரில் வரிசையாகத் துவாரங்கள் விட்டார். பூச்சி வராமல் வலையும் அடித்தார்.

வெயில் ஏறியதும் கூண்டுக்குள் இருந்த காற்று சூடேறி மேலே ஓடியது. அதன் பின்னாலேயே கூடத்துப் புழுக்கம் ஓடியது. அந்த இடத்தை நிரப்ப, துவாரங்கள் வழியாக மரத்தடிக் காற்று தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தது. கதவு சாத்தியபடியே கிடந்தது. வெயில் ஏற ஏறக் காற்றும் கூடியது. உப்புக்காரர்கள் சுவரைத் தடவிப் பார்த்து, மோட்டார் எங்கே ஒளித்திருக்கிறது மேஸ்திரி என்று கேட்டார்கள். நயினார் மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்தக் கூடத்தால் மிகவும் பிழைத்தவர் சவரிமுத்து. அளத்தில் உப்பு வாரும் வாருபலகை இழுத்தே நெஞ்சு கெட்டவர், இளைப்புக்காரர். கழுத்தில் செபமாலை தொங்கும். மடத்தில் அதை யாரும் ஒரு விஷயமாகப் பேசியதில்லை. துவாரங்களை ஒட்டிய மூலை அவருக்கு. முதல் நாள் அங்கே படுத்து எழுந்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு மூச்சு அடிவரைக்கும் போய் வந்தது என்று நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு மடத்திலேயே தங்கிவிட்டார். பூ கட்டுவார், பாத்திரம் துலக்குவார், மத்தியானம் அந்த மூலையில் படுத்துக்கொள்வார்.

இனி விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மடத்தை நிறுவியவர் ஏற்றிய விளக்கு அது. கூடத்தின் நடுவில் ஒரு கல்லின் மேல் எரியும். உச்சி வழிபாட்டில் அதன் பக்கத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து தியானம் செய்வார். அந்த இடத்துக்கு விளக்கடி என்று பெயர். சுடர் ஆடினால் உட்கார்ந்தவர் மனம் ஆடுகிறது என்பார்கள். ஆடாமல் நின்றால் அவர் ஆள் பெரியவர். வழிவழியாக வந்த பேச்சு. யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே எல்லோரும் நம்பினார்கள்.

கூண்டு வந்த பிறகு சுடர் சும்மா நிற்குமா? உச்சி வேளையில் மேற்கே சாய்ந்து படபடத்துக்கொண்டே இருந்தது. விளக்கடியில் உட்கார்ந்த அடிகள் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. அணைந்தால் திரும்ப ஏற்றுவார்.

தை மாதம் வடக்கே ஒரு கிளை மடத்தின் தலைவர் காலமானார். வேறு ஆள் அமைகிறவரைக்கும் அடிகள் அங்கே போய் இருக்க வேண்டியதாயிற்று. புறப்படும்போது நயினாரைக் கூப்பிட்டு, திரும்பி வருகிறவரை விளக்கடியில் நீங்கள் உட்காருங்கள் அண்ணாச்சி என்றார். நயினாருக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

உட்கார்ந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. கண்ணை மூடினால் சுடர் ஆடுகிற சத்தம் காதில் விழுவது போல இருந்தது. வந்தவர்கள் விளக்கைப் பார்த்தார்கள், பிறகு நயினாரைப் பார்த்தார்கள். மேஸ்திரி மனசு இன்னும் சாரத்திலிருந்து இறங்கவில்லை போல என்று ஒருவர் கேலி பேசினார். பெரிய மடம் ஒன்றிலிருந்து வந்த தம்பிரான் ஒருவர் பேசக்கூட இல்லை. சுடரைப் பார்த்து லேசாகப் புன்னகை செய்துவிட்டுப் போனார். அந்தப் புன்னகை நயினாரை வாரக்கணக்கில் தூங்கவிடவில்லை.

ஒரு நாள் வழிபாட்டுக்கு முன்னால் நயினார் துவாரங்களில் கோணிச் சாக்கைச் சுருட்டிச் செருகினார். பூரான் வருகிறது என்று மற்றவர்களிடம் சொன்னார். வலை அடித்திருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. வழிபாடு முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தார். வழிபாடு முடிந்தது, சாக்கு இருந்தது. மறுநாள் அது கொஞ்சம் நழுவியது. கொத்தனார் கைக்கு அரைகுறை வேலை ஆகாது. செங்கல் வைத்து, சுண்ணாம்பு பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டார். துவாரம் இருந்த அடையாளமே தெரியவில்லை.

சுடர் நின்றது. எழுதி வைத்த சுடர் போல நின்றது.

செய்தி பரவியது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து செல்போனில் படம் எடுத்தார்கள். யாரோ மாலை போட்டார்கள். பொய் சொல்வானேன், நயினாருக்கு அது பிடித்திருந்தது. கூடம் பழையபடி வெந்ததும், வேர்வை ஆறாக ஓடியதும் அவருக்குத் தவம் போலவே பட்டது. கொஞ்ச நாளில் செங்கல் வைத்ததையே மறந்து, தன் மனம்தான் நிலைத்துவிட்டது என்று நம்பவும் ஆரம்பித்துவிட்டார். மனிதனுக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை.

பங்குனி போய்ச் சித்திரை பிறந்தது. சவரிமுத்து மூலையில் எழுந்து உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். படுத்தால் மூச்சு வரவில்லை. ஒரு நாள் நயினாரின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"மேஸ்திரி, காத்து வரல."

"மனச ஒரு இடத்துல நிறுத்தும். புழுக்கம் தெரியாது."

சவரிமுத்து சொன்ன பேச்சைக் கேட்கிறவர். மூலைக்குப் போய், கண்ணை மூடி, செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் நெஞ்சு இழுக்கிற சத்தம் கூடமெங்கும் கேட்டது. வந்திருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நயினாருக்கு அன்று கோபம்தான் வந்தது. பிற்காலத்தில் எதை மறந்தாலும் அந்தக் கோபத்தை அவரால் மறக்க முடியவில்லை.

இரண்டொரு நாளில் சவரிமுத்து துணிப்பையோடு வந்து நின்றார். கடற்கரையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். வழிபாடு தொடங்குகிற நேரம். நயினார் விளக்கடியில் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் அசைத்தார்.

வைகாசிக் கடைசியில் அடிகள் திரும்பி வந்தார். நல்ல உச்சி வெயில். கூடம் நிறைய ஜனம். ஆளாளுக்கு முந்திக்கொண்டு விளக்கைக் காட்டினார்கள், நயினாரின் பெருமையைச் சொன்னார்கள். அடிகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவர் பார்வை வடக்கு மூலைக்குப் போனது.

"சவரிமுத்து எங்க?"

தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

அடிகள் விளக்கில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். சவரிமுத்து படுக்கிற மூலையில், தரையை ஒட்டி ஒரு வாழைப்பழத்தில் செருகி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். புகை ஒரு முழம் எழும்பியது. பிறகு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்த மூலையே மங்கிப் போனது. இதுவும் ஏதோ அதிசயம் என்று ஜனம் கைகூப்பியது.

நயினார் கைகூப்பவில்லை. அந்த மூலையில் மூச்சு வராமல் யார் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்குத் தெரியும். விளக்கடியிலிருந்து எழுந்தார். வெளியே போய்க் கடப்பாரையை எடுத்துவந்து, தான் வைத்த செங்கல்லைத் தானே இடித்தார். நேர்த்தியான வேலை, லேசில் வரவில்லை. முதல் துவாரம் திறந்ததும் புகை கலைந்து மேற்கே நகர்ந்தது. எல்லாம் திறந்தபோது சுடர் சாய்ந்து துடித்து அணைந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அன்றைய படம் யாருக்கும் கிடைக்கவில்லை.

அடிகள் சொன்னது ஒன்றுதான்.

"போயி அவரக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி."

மறுநாள் நயினார் பஸ் ஏறினார். வழியெல்லாம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனார். காலில் விழுந்தால் சவரிமுத்து கூச்சப்படுவார். கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்னுடையது, வாரும், உம்ம மூலை இப்போது குளிர்ந்து கிடக்கிறது என்று சொல்ல வேண்டும். சவரிமுத்து சிரிப்பார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. அந்த நினைப்பே நயினாருக்குப் பாதி ஆறுதலாக இருந்தது.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன வீடு. சவரிமுத்துவின் தங்கச்சி ஞானம்மாள் கையில் சுண்ணாம்புக் கறையோடு வெளியே வந்தாள். அண்ணனின் கல்லறைக்கு வெள்ளை அடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

நயினார் நின்றபடியே நின்றார். அவள் நாற்காலி எடுத்துப் போட்டு, வரக்காப்பி போட்டுக் கொடுத்தாள். இன்னார் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது நயினாருக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"மேஸ்திரி நீங்கதானா? அண்ணன் சாகுறவரைக்கும் உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டு கெடந்தாவ. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு எவ்வளவோ கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டாவ. மேஸ்திரி கட்டுன கூடத்துலயே எனக்கு மூச்சு வரல, அப்ப கோளாறு என் நெஞ்சுலதான், இனி எவன் பாத்தும் ஒண்ணும் ஆவப்போறதில்லன்னு சொல்லிட்டாவ."

காப்பி சுட்டது. நயினார் அதைக் கீழே வைக்காமல் குடித்தார். வாயைத் திறந்தால் எது வரும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவள் அண்ணனின் பழைய சட்டை ஒன்றை எடுத்துவந்து காட்டினாள். அந்த மடத்துக் காற்றில்தான் அண்ணன் இத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்று சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டாள். நயினார் பதிலுக்குக் கும்பிட்டார். வருகிறேன் அம்மா என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் திரும்பியிருந்தது. கூடத்துக்குள் நல்ல காற்று. உப்புக்காரர்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வடக்கு மூலையில் மட்டும் யாரும் படுக்கவில்லை.

நடுவில் விளக்கு எரிந்தது. நயினார் அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். காற்று ஓடிக்கொண்டிருந்தது, சுடர் ஆடாமல் நின்றது. அடிகள் பழைய அரிக்கேன் விளக்கின் கண்ணாடிச் சிமினி ஒன்றைத் தேடி எடுத்துச் சுடரின் மேல் கவிழ்த்திருந்தார். அடியில் காற்றுப் போக மூன்று கூழாங்கல்.

அடிகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நயினார் சொன்னார். சவரிமுத்து போனதைச் சொன்னார், தங்கச்சி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தான் எதுவும் பேசாமல் திரும்பி வந்ததையும் சொன்னார். சொல்லி முடித்துச் சிமினியைக் காட்டினார்.

"இது எனக்குத் தெரியாததா சாமி? ஒரு சிமினி. சமையக்கட்டுப் பரண்லயே கெடந்துச்சு. சாக்கு செருகுன அன்னைக்கே என் கண்ணுலயும் பட்டுச்சு."

அடிகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சிமினி போட்டா விளக்கு ஆடாது. ஆனா நான் உக்காந்ததால ஆடாம நிக்குதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். அதுக்குத்தான் சாமி செங்கல் வச்சேன். அதுக்காகத்தான்."

தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் புரண்டு படுத்தார். நயினார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இனி விளக்கடிப் பக்கமே போகமாட்டேன் என்றார். சாகிறவரை மௌனம் இருக்கிறேன் என்றார். ஒரு வேளைதான் சாப்பிடுவேன், அதுவும் உப்பில்லாமல் என்றார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அடிகளின் முகத்தைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்து நின்றது. குருவைவிட இருபது வயது மூத்த மனிதர், பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தரையில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. மன்னிச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை. நான் அதுல பொழச்சுக்கிடுவேன்."

அடிகள் அவர் கையின் மேல் தன் கையை வைத்தார். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

"அந்தத் தங்கச்சி இன்னும் அண்ணன் நெஞ்சுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா, அண்ணாச்சி."